அண்டை வீட்டுப் புகை

சேலம், நாமக்கல் சமவெளியின் நெசவூர்களில் வளவு என்றும் லைன் வீடு என்றும் வழங்கும் குடியிருப்புகளை நாம் அறிவோம். இரு வீட்டுக்கு ஒரு சுவர். எல்லார்க்கும் ஒரே முற்றம். குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஒருவர் தம் திண்ணையில் பற்றவைக்கும் பீடியின் புகை, அடுத்த வீட்டுத் தொட்டிலையும் சென்றடைகின்றது. தம் வீட்டில் தாம் புகைப்பவரைத் தடுக்க அயலாருக்கு உரிமை உண்டா?

இஸ்லாமியச் சட்ட மரபில் இவ்வினா புகையிலையினும் பழையது. ஹிஜ்ரி 734இல் (கி.பி. 1334) மறைந்த இப்னுர் ராமீ, தூனிஸ் நகரத்துக் கொத்தனார், கட்டட வழக்குகளில் காஜிக்குத் துணைநின்றவர். அவரது நூல் அண்டை வீட்டாரை வருத்தும் புகையையும் ஆராய்கின்றது. ஹம்மாம், ரொட்டியடுப்பு ஆகியவற்றின் புகை தடுக்கத்தக்கது. அன்றாடச் சமையற்புகை பொறுக்கத்தக்கது. இன்றியமையாததற்கும் அல்லாததற்கும் இடையே கிழித்த கோடு இது! 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட உதுமானியரின் மஜல்லா, தன் 1200ஆம் பிரிவில், அண்டை ரொட்டிக்கூடத்தின் புகையால் ஒருவர் தம் வீட்டில் குடியிருக்க இயலாமற்போவதை மிகைத் தீங்கென்றது. அதனை எவ்வகையிலேனும் அகற்றவேண்டும் என்றது.

புகையிலை பரவியபின் ஆலிம்களின் விவாதம் பெரிதும் ஹராமா, முபாஹா என்பதைச் சுற்றியே நிகழ்ந்தது. அனுமதிக்கத்தக்கதெனத் தனி நூலே எழுதினார் அப்துல் கனீ நாபுலுஸீ (மறைவு 1731). புகைப்பவரின் செயல் ஆராயப்பட்ட அளவுக்கு அருகிலிருப்பவரின் மூச்சு ஆராயப்படவில்லை என்பது நம் கருத்து. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஜப்பானின் ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவியரை ஆராய்ந்து, கணவர் மிகுதியாகப் புகைக்குந்தோறும் அவர்க்கு நுரையீரல் புற்றுநோய் மிகுவதைக் காட்டியதே 1981இல்தான்.

நம் நாட்டில், 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைப் பொதுத்தொல்லை எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த இருவருள் ஒருவர் தேவகோட்டையில் பிறந்த ஏ.ஆர். லட்சுமணன். 2001இல் உச்ச நீதிமன்றமும் தடை விதிக்கப் பணித்தது. 2003இல் மத்தியச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்களும் அதனுள் அடங்கின. ஆயினும் பொதுமக்கள் சென்றுவரும் இடம் என்னும் வரையறை, தனி வீட்டின் வாயிலோடு நின்றுவிட்டது. தனித்தொல்லை என உரிமையியல் வழக்குத் தொடுக்கலாமே என்பர். வாடகைக்குக் குடியிருக்கும் தறிக்காரர் அயலார்மீது வழக்காட நீதிமன்றத்துக்கு அலைவாரா?

சன்னலைத் திறப்பதும் மின்விசிறி சுழற்றுவதும் போதா என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 2006இலேயே உரைத்தது. எஞ்சியிருப்பது வளவின் உரிமையாளர் கையிலுள்ள வாடகை ஒப்பந்தம். முற்றத்திலும் திண்ணையிலும் புகைத்தலாகாது என அதில் ஒரு வரி சேர்க்க எச்சட்டமும் தடையில்லை. இப்னுர் ராமீயின் அளவுகோலில் பீடி சமையலடுப்பின் பக்கம் நிற்காது. புகைப்பவர் தெருமுனைவரை நடக்கவேண்டியிருக்கும், அவ்வளவே.