மின்காந்த டிரெய்லர் பிரேக்

மின்காந்த டிரெய்லர் பிரேக் என்பது மகிழுந்து அல்லது சிறு சரக்குந்தின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வண்டிகளின் சக்கரங்களில் பொருத்தப்படும், மின்சாரத்தால் இயங்கும் டிரம் வகை பிரேக் ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் டிராவல் டிரெய்லர் எனப்படும் இழுவை வீட்டு வண்டிகளில் பெரும்பாலும் இவ்வகையே காணப்படுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 3,000 பவுண்டுக்கு (சுமார் 1,360 கிலோகிராம்) மேற்பட்ட எடையுள்ள டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் தேவை என விதித்துள்ளன. ஐரோப்பாவில் இதற்கு மாறாக, இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையையே கொண்டு இயங்கும் இயந்திர முறை பிரேக் வழக்கில் உள்ளது.

== அமைப்பும் இயக்கமும் ==

சக்கரத்துடன் சுழலும் டிரம்மின் உள்ளே, அச்சுடன் பிணைக்கப்பட்ட பின் தட்டின் மீது இரண்டு பிரேக் ஷூக்கள், ஒரு நெம்புகோல், அதன் கீழ் முனையில் ஒரு மின்காந்தம் ஆகியவை உள்ளன. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது, இழுக்கும் வண்டியிலுள்ள கட்டுப்படுத்தி மின்காந்தத்திற்கு மின்னோட்டத்தை அனுப்புகிறது. காந்தம் டிரம்மின் உட்புறத் தட்டையான முகத்தோடு ஒட்டி, அது சுழலும் திசையில் இழுபடுகிறது. அதனால் நெம்புகோல் திரும்பி முன்பக்க ஷூவையும், தொடர்ந்து பின்பக்க ஷூவையும் டிரம்மின் மீது அழுத்துகிறது.

நிறுத்தும் விசை சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே பெறப்படுவதால், நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரை இவ்வமைப்பால் பிடித்து வைக்க இயலாது. நிறுத்தி வைக்கும்போது சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது கட்டாயம்.

== இடைவெளியின் விளைவு ==

லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி கூடுகிறது. நெம்புகோல் நகரக்கூடிய தொலைவோ வரையறுக்கப்பட்டது. இடைவெளி மிகுந்தால் அத்தொலைவின் பெரும்பகுதி ஷூவை டிரம் வரை கொண்டு சேர்ப்பதிலேயே செலவாகி, அழுத்துவதற்கு எஞ்சுவது சிறிதே. மலைச் சாலையில் நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிவதால் இடைவெளி மேலும் கூடுகிறது. எனவே சமதரையில் ஓரளவு பிடித்த பிரேக், மிகவும் தேவைப்படும் இடத்தில் கைவிடக்கூடும்.

இக்குறை எளிதில் புலப்படுவதில்லை. டிரெய்லர் செய்யாத வேலையை இழுக்கும் வண்டியின் பிரேக்குகள் ஏற்றுக்கொள்வதால், அன்றாட ஓட்டத்தில் வேறுபாடு சிறிதாகவே தெரியும். கட்டுப்படுத்தியின் அளவைக் கூட்டிச் சமாளிப்பதும் தவறான வழியாகும். மின்னோட்டத்தைக் கூட்டுவதால் இடைவெளி குறைவதில்லை. நன்றாக உள்ள சக்கரம் பூட்டிக்கொள்ள, தளர்ந்த சக்கரம் சும்மா சுழல்கிறது.

== சரிசெய்யும் முறை ==

புதிய பிரேக்குகளை முதல் 200 மைல் ஓட்டத்திற்குப் பின்னரும், அதன் பிறகு 3,000 மைலுக்கு (சுமார் 4,800 கிலோமீட்டர்) ஒரு முறையும் சரிசெய்ய வேண்டும் என்பது அச்சு உற்பத்தியாளர்களின் பொதுவான அறிவுரை. தானாகச் சரிசெய்துகொள்ளும் வகைகளும் உள்ளன. தொடக்கச் சரிசெய்தல் முடிந்த பின் அவற்றிற்கு இவ்வேலை வழக்கமாகத் தேவைப்படாது.

டிரெய்லரை இழுக்கும் வண்டியுடன் பிணைத்தபடியே வைத்து, மறுபக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பின்னர் ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கியை அச்சுக் குழாயின் கீழ் வைத்தால் குழாய் வளையக்கூடும் என்பதால் சட்டத்தின் கீழேயே வைக்க வேண்டும். தூக்கிய டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்ப்பது முதல் வேலை. பேரிங் தளர்ந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் பிரேக்கைத் தொடுவதில் பயனில்லை.

பின் தட்டின் அடிப்பகுதியிலுள்ள ரப்பர் மூடியை அகற்றினால், ஷூக்களை இணைக்கும் பற்கள் கொண்ட சிறு சக்கரம் தென்படும். திருப்புளியால் இதைப் பல் பல்லாகத் திருப்ப ஷூக்கள் விரிகின்றன. கையால் சுழற்றுவது மிகக் கடினமாகும் வரை இறுக்கிய பின், சக்கரம் தடையின்றிச் சுழலும் வரை எதிர்த்திசையில் தளர்த்த வேண்டும். அப்போது லைனிங் இலேசாக உரசும் ஒலி மட்டும் கேட்க வேண்டும். முதலில் முற்றிலும் இறுக்குவதால் இரு ஷூக்களும் டிரம்மின் நடுவே சரியாக அமர்கின்றன. இப்படியைத் தவிர்ப்பது நல்லதல்ல.

லைனிங் 1/16 அங்குலம் (1.6 மில்லிமீட்டர்) அல்லது அதற்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கிரீஸ் படிந்த லைனிங்கும் மாற்றத்தக்கதே. மையக்குடத்தில் கிரீஸை அளவு மீறி அடிக்கும்போது அது காப்பு வளையத்தைத் தாண்டி உள்ளே கசிகிறது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மிலுள்ள தூசியைக் காற்றால் ஊதக் கூடாது.

== மின்சுற்றுச் சோதனை ==

10 அல்லது 12 அங்குல பிரேக்குகளின் காந்தம் ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். இரண்டு அச்சுகளும் நான்கு பிரேக்குகளும் கொண்ட டிரெய்லரில் மொத்த அளவு 12 ஆம்பியராக இருத்தல் வேண்டும். அம்மீட்டர் 9 ஆம்பியர் காட்டினால் ஒரு காந்தமோ அதன் கம்பியோ அறுந்திருக்கலாம். எல்லாச் சக்கரங்களுக்கும் சிறிது சிறிதாகக் குறைந்தால் துருப்பிடித்த இணைப்புகளை ஐயுற வேண்டும். அச்சுக் குழாயினுள் செல்லும் கம்பி உராய்ந்து பழுதாவது அடிக்கடி காணப்படும் குறையாகும்.

மின்சுற்று சரியாக இருப்பதால் மட்டும் பிரேக் பிடிக்கிறது என்று கொள்ள முடியாது. பலமுறை பிரேக் பிடித்து ஓட்டிய பின் ஒவ்வொரு மையக்குடத்தின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிட்டால், வேலை செய்யாத சக்கரம் குளிர்ந்திருப்பதைக் கொண்டு கண்டறியலாம்.

== கட்டுப்படுத்தியும் அவசர சுவிட்சும் ==

சக்கரங்கள் யாவும் சரிசெய்யப்பட்ட பின்னரே கட்டுப்படுத்தியை அமைக்க வேண்டும். உலர்ந்த சமதரையில் மணிக்கு 20 மைல் வேகத்தில் கைப்பிடியை மட்டும் இயக்கி, டிரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே அளவை நிறுத்துவது வழக்கம். சுமை மாறினால் இதுவும் மாறும்.

ஓட்டத்தின்போது டிரெய்லர் கழன்றுவிட்டால், கம்பியால் இழுபட்டு வெளிவரும் ஊசி ஒரு சுவிட்சை இயக்கி, டிரெய்லரின் சொந்த மின்கலத்திலிருந்து காந்தங்களுக்கு மின்சாரம் அளிக்கிறது. இதைச் சோதிக்க, இழுக்கும் வண்டியின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தூக்கி வைத்து ஊசியை உருவ வேண்டும். கையால் சுழற்றும் சக்கரம் பிடித்துக்கொள்ளவில்லை எனில் மின்கலம் வலுவிழந்திருக்கலாம். சோதனை முடிந்ததும் ஊசியை உடனே செருகிவிட வேண்டும். இல்லையெனில் மின்கலம் வற்றிப்போகும்.