காப்பித் தோட்டத்துக் காகமும் செம்பனைத் தோட்டத்துக் கூகையும்



நெகிரி செம்பிலானில், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களினூடே ஓடும் ஓடைகள் லிங்கி ஆற்றில் போய்ச் சேர்கின்றன. அவ்வோடைக்கரை மண்பாதையில் மாணவர்களோடு காலையில் நடந்தால் மீன்கொத்தியையும் கானாங்கோழியையும் உடும்பையும் காட்டிவிடலாம். இவை இம்மண்ணின் பழங்குடிகள். வீட்டுக்காகமும் கூகையும் அப்படியல்ல. அவற்றின் வரவு நம் தோட்ட வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

ரப்பருக்கு முன்னர் இங்கே காப்பி விளைந்ததை நம் பிள்ளைகளுள் பலர் அறியார். காப்பி இலைகளைத் தின்று தீர்த்த புழுவை ஒழிக்கவென்று, 1890களில் இலங்கையிலிருந்து காகங்களைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டனர். (அண்டங்காக்கை இங்கு முன்பே உண்டு. நான் குறிப்பிடுவது கழுத்து சாம்பல் பூத்த காகத்தை.) தோட்ட வேலைக்கென்று கடல் கடத்திக் கொணரப்பட்டவர் நம் முன்னோர் மட்டுமல்லர்! பிரேசில் காப்பி பெருகி, விலை வீழ்ந்து, இங்குக் காப்பி அழிந்தது, ரப்பர் வந்தது. காகமோ தங்கிவிட்டது. வலசை வந்து போய்க்கொண்டிருந்த குயிலும், முட்டையிடக் காகத்தின் கூடு கிடைக்கவே, பின்னாளில் இங்கேயே இனம் பெருக்கத் தொடங்கியது. அமாவாசையன்று நாம் சோறு வைத்து அழைக்கும் காகத்தை, தொல்லையெனக் கருதி நகராண்மைக் கழகங்கள் சில சுட்டும் தள்ளியிருக்கின்றன.

1960கள் முதல் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டனர். செம்பனைப் பழம் எலிக்கு விருந்து; எலி கூகைக்கு விருந்து. தீபகற்பத்தில் கூகை குஞ்சு பொரித்ததன் முதற்பதிவு, 1960களின் இறுதியில், ஜொகூர்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலேயே கிடைத்தது. செம்பனையில் பொந்து அமைவதில்லை. ஆதலால் தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன்மேல் மரப்பெட்டி அமைத்தனர். ஓர் இணை, தன் குஞ்சுகளோடு, ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று மதிப்பிட்டுள்ளனர். இருந்தும் எலி நஞ்சை வைக்கும் தோட்டங்கள் உண்டு. நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மடிகிறது.

நஞ்சு ஒருபுறமிருக்க, நம் அச்சம் மறுபுறம். கூகை அலறினால் சாவு என்னும் எண்ணம் லயங்களிலிருந்து இன்னும் அகலவில்லை. எம் மாணவன் ஒருவன் பெட்டியின்மீது கல்லெறிந்தான். ஏன் என்றேன். "பாட்டிக்கு உடம்பு சரியில்ல சார். ராத்திரியெல்லாம் அது கத்துது," என்றான். கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

மறுவாரம், கையுறை அணிந்து, பெட்டியின் அடியில் கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி வந்தோம். செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை அப்படி உருட்டிக் கக்கிவிடும். வகுப்பில் அவற்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தோம். மண்டையோடுகளை எண்ணும் பொறுப்பை அவனிடமே விட்டேன். பதினொன்று இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பாட்டியிடம் காட்ட வேண்டுமென்று கேட்டான். தாளில் மடித்துக் கொடுத்தனுப்பினேன்.