வழக்கின் முதல் சாட்சி: அழைப்பாணை சார்பும் கட்டளை நிறைவேற்றுநரும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி தமிழ்நாட்டில் உண்டு. கோர்ட்டிலிருந்து தாளும் கையுமாக வருகிறவர் எவராயினும் ஊருக்கு அவர் அமீனாதான். ஜப்திக்கு வருகிறவர் வேறு, சம்மன் கொடுக்க வருகிறவர் வேறு என்ற பிரிவினை நாஜர் அலுவலகத்துக்குள் மட்டுமே பொருள் உள்ளது. இரண்டாமவரின் அலுவல் பெயர் கட்டளை நிறைவேற்றுநர். ‘அமீன்’ என்ற அரபுச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். நம்பிக்கையைக் குறித்த சொல் அச்சத்தைக் குறிப்பதாக மாறிய கதை தனியே எழுதத்தக்கது. அந்தச் சொல்லின் பழைய பொருளைச் சட்டம் இன்னும் கைவிடவில்லை என்பதும், நாம்தான் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

கட்டளை நிறைவேற்றுநரைத் தாள் கொண்டுபோய்க் கொடுப்பவராக மட்டும் பார்த்தால், அவருடைய இடத்தில் தபாலையும் கூரியரையும் கைப்பேசியையும் வைத்துவிடலாம். கடந்த கால் நூற்றாண்டின் சீர்திருத்தங்கள் பெரும்பாலும் இந்தப் பார்வையிலிருந்து பிறந்தவை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாம் கட்டளையைப் பொறுமையாகப் படிப்பவருக்கு வேறொரு ஆள் தென்படுவார். அவர் வழக்கின் முதல் சாட்சி. வாதியும் பிரதிவாதியும் கூண்டேறுவதற்கு முன்பே, நீதிமன்றம் நம்பிச் செயல்படுகிற முதல் கூற்று அவர் சம்மனின் பின்புறத்தில் எழுதும் நான்கைந்து வரிதான்.

அந்த வரிகளின் மேல் எவ்வளவு பாரம் ஏறி நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எதிருரை தாக்கல் செய்வதற்கான 30 நாள் கெடு, வழக்கு தொடுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. சம்மன் சார்பான, அதாவது பிரதிவாதியிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட, நாளிலிருந்து ஓடுகிறது. அது 90 நாள் வரை நீட்டிக்கப்படுவதும் அதே நாளை வைத்துத்தான். சம்மன் முறையாகச் சார்பாகியும் பிரதிவாதி வரவில்லை என்றால் ஒன்பதாம் கட்டளையின் 6ஆம் விதிப்படி அவர் இல்லாமலே விசாரணை நடக்கும், தீர்ப்பும் வரும். ‘எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது’ என்று கோர்ட் வாசலில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த நிலைக்கு அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் ஒருவர் ஒரு பகற்பொழுதில் ஒரு வீட்டு வாசலில் நின்று எழுதிய குறிப்பு. அது பொய்யானால் வீடும் நிலமும் உரியவருக்குத் தெரியாமலே கைமாறிவிடும். பிறகு அவர் அறிய வருவது உண்மையான அமீனா, நிறைவேற்று மனுவின் பேரில், கதவைத் தட்டும்போதுதான்.

இனி விதிகளுக்கு வருவோம். இயன்றவரை பிரதிவாதியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்கிறது 12ஆம் விதி. அவர் வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் வரும் வாய்ப்பும் இல்லை, அவர் சார்பில் பெற்றுக்கொள்ள முகவரும் இல்லை என்றால், அவரோடு குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தினர் ஒருவரிடம் கொடுக்கலாம் என்கிறது 15ஆம் விதி. வேலையாள் குடும்பத்தினர் ஆகமாட்டார். பெற மறுத்தாலோ, உரிய முயற்சிக்குப் பின்னும் ஆளைக் காணவில்லை என்றாலோ, வீட்டின் வெளிக்கதவில் அல்லது கண்ணில் படும் இடத்தில் நகலை ஒட்டச் சொல்கிறது 17ஆம் விதி. ஒட்டியதோடு வேலை முடிவதில்லை. எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதைப் பெயர் முகவரியோடு எழுதி, மூலச் சம்மனை நீதிமன்றத்துக்குத் திருப்ப வேண்டும். அடுத்து வரும் 19ஆம் விதியை நான் இந்தக் கட்டளையின் உயிர்நாடி என்பேன். அப்படித் திரும்பிய அறிக்கையோடு பிரமாணப் பத்திரம் இல்லையென்றால், நீதிமன்றம் அந்த அலுவலரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தே ஆக வேண்டும், இருந்தாலும் விசாரிக்கலாம். அதன் பிறகு, சம்மன் முறையாகச் சார்பாயிற்று என்று அறிவிக்க வேண்டும், இல்லையேல் வேறு வகையில் சார்பு செய்ய உத்தரவிட வேண்டும்.

கடிதம் கொண்டுபோகிறவரை எந்தச் சட்டமும் இப்படிக் கூண்டில் ஏற்றுவதில்லை. கண்டதையும் கேட்டதையும் சொல்லக் கடமைப்பட்டவராக, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராகச் சட்டம் இவரை வைத்திருக்கிறது.

நடைமுறையில் நிகழ்வது வேறு. ‘பிரதிவாதி வீட்டில் இல்லாததாலும் வருவது உறுதியாகத் தெரியாததாலும் கதவில் ஒட்டிச் சார்பு செய்யப்பட்டது’ என்ற வகை வாசகம் வழக்குக் கட்டுகளில் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை போனார், எந்த நேரம் போனார், யாரைக் கேட்டார் என்பது இராது. வயல் வேலைக்குப் போகிறவர் வீட்டைப் பகல் பதினோரு மணிக்குத் தட்டினால் பூட்டுதான் இருக்கும். அந்தப் பூட்டை ‘ஆள் இல்லை’ என்று எழுதுவது உண்மைக்கு அருகில்கூட வராது. இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டை அடையாளம் காட்ட வருபவர் பல வேளைகளில் வாதியே, அல்லது அவர் அனுப்பிய ஆள். பேட்டா கட்டியவர் அவர். பேருந்து போகாத ஊருக்கு வண்டியில் ஏற்றிப்போகிறவரும் அவர். சாட்சி, ஒரு தரப்பின் வண்டியில் ஏறிச் சம்பவ இடத்துக்கு வருகிறார் என்றால் வேறெந்தச் சாட்சியத்தையும் நாம் அந்த அளவிலேயே ஐயுறுவோம். இங்கே ஐயுறுவதில்லை. இதற்காக அந்தக் கடைநிலை ஊழியரை மட்டும் குற்றம் சொல்லுவதை நான் ஏற்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கட்டளைகள் என்று கையில் திணித்து, போக்குவரத்துக்குப் போதாத படியைக் கொடுத்து, எழுதியதை ஒருநாளும் விசாரிக்காத அமைப்புதான் அந்த வாசகத்தை எழுத வைக்கிறது.

சுஷில் குமார் சபர்வால் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்தபோது நுட்பமான ஒரு வேறுபாட்டைச் சுட்டியது. சம்மன் சார்பில் ஏதோ ஒழுங்கீனம் இருந்தது என்பதற்காக மட்டுமே தீர்ப்பாணையை ரத்து செய்யக் கூடாது, பிரதிவாதிக்கு விசாரணை நாள் தெரிந்திருந்து, வருவதற்குப் போதிய அவகாசமும் இருந்திருந்தால் போதும் என்பது ஒன்பதாம் கட்டளை 13ஆம் விதியின் இரண்டாம் வரம்புரை. வழக்கு இருப்பது தெரியும் என்பது இதற்குப் போதாது, விசாரணை நாள் தெரிந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஊருக்கே தெரிந்த பங்காளிச் சண்டையில் ‘வழக்கு போட்டது அவனுக்குத் தெரியாதா என்ன’ என்று வாதி தரப்பில் கேட்பதற்கு இதுதான் பதில். தெரிந்தது வதந்தியா, நாளும் நேரமும் குறித்த அழைப்பா என்பதைச் சொல்லத்தக்கவர் சம்மனைக் கையில் வைத்திருந்தவர் ஒருவரே.

2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் பதிவுத் தபால், விரைவுத் தபால், உயர் நீதிமன்றம் ஒப்பிய கூரியர், தொலைநகல், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு இடமளித்தன. வாதியிடமே சம்மனைக் கொடுத்துச் சார்பு செய்யச் சொல்லவும் வழி ஏற்பட்டது. இத்திருத்தங்களைக் கேள்விக்கு உட்படுத்தி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பில் திருத்தங்கள் நிலைநிறுத்தப்பட்டன. ஆனால் அதே வழக்கின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கூரியர் வழியாகப் பொய்யான குறிப்புகள் பெறப்பட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்புகள் வந்துவிடும் என்ற அச்சத்தை நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளவில்லை. தவறாகப் பயன்படாதபடி உயர் நீதிமன்றங்கள் விதிகள் வகுக்க வேண்டும் என்றது. ஒரு மாவட்டத் தலைநகரின் வழக்கறிஞர்கள் எழுப்பிய அந்த ஐயம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் பழையதாகவில்லை.

தபாலுக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாட்டை அனுமானம், சாட்சியம் என்ற இரு சொற்களால் விளக்கலாம். சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்கிறது 1897ஆம் ஆண்டுப் பொது விளக்கச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஒப்புகை அட்டை தொலைந்துபோனாலோ, 30 நாளில் திரும்பாவிட்டாலோ சார்பானதாக அறிவிக்கலாம் என்று ஐந்தாம் கட்டளை 9ஆம் விதியும் சொல்கிறது. இவை அனுமானங்கள். அனுமானம் தேவை, அது இல்லாமல் சம்மனைத் தட்டிக்கழித்துத் திரிகிறவனை எந்த நீதிமன்றமும் பிடிக்க முடியாது. ஆனால் அனுமானத்தைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

இங்கே எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் கிரீன் எதிர் லிண்ட்சி வழக்கில், ஆளின் கை நம்பகமற்றது, தபால் மேல் என்ற பொருள்பட அல்லவா சொன்னது என்று கேட்கலாம். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், அரசு குடியிருப்பில் வாடகைக்கு இருந்தவர்களை வெளியேற்றும் வழக்குகளின் அறிவிப்புகள் கதவில் ஒட்டப்பட்டன. குடியிருந்தோர் அவற்றைப் பார்க்கவில்லை என்றார்கள். கதவில் ஒட்டியது மட்டும் போதாது என்று நீதிமன்றம் கூறியதும், தபாலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்டதும் உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு எது துணைநின்றது என்று பார்க்க வேண்டும். ஒட்டிய தாள்களைப் பிள்ளைகள் கிழித்துவிடுவது உண்டு என்று சொன்னவர்கள் அந்தத் தாள்களை ஒட்டிய அலுவலர்களே. முறையின் பலவீனம் வெளிப்பட்டது, முறையைக் கையாண்டவர்களை விசாரிக்க முடிந்ததால். கிழிந்துபோன தாளைப் பற்றித் தபால் முத்திரை எதுவும் சொல்லாது. சார்பு செய்யாமலே செய்ததாகப் பிரமாணம் கொடுப்பதை அந்நாட்டில் சாக்கடைச் சார்பு என்றே அழைக்கிறார்கள். தனியார் கையில் இவ்வேலை போன பிறகும் அந்த நோய் தீரவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கைப்பேசி பற்றிய வாதமும் இதே தடத்தில்தான் வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலை 10 அன்று, வாட்ஸ்அப் உள்ளிட்ட செயலிகள் வழியாகவும் சார்பு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் சத்யேந்தர் குமார் ஆன்டில் வழக்கில், காவல் துறை ஒருவரை ஆஜராகச் சொல்லும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றது. முதலாவது, ஊரே அடைபட்டுக் கிடந்த நேரத்தில் செய்த ஏற்பாடு. இரண்டாவதில் ஒருவருடைய சுதந்திரமே பணயமாக நிற்கிறது. நிலமும் குடியிருப்பும் பணயமாகும் உரிமையியல் வழக்கில் மட்டும் இரண்டு நீல டிக் போதும் என்பதற்கு எனக்குக் காரணம் புலப்படவில்லை. ஒரே கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்தும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு.

குடும்பம் என்றதும் 15ஆம் விதியிடம் மீண்டும் போக வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, வயதுவந்த ஆண் உறுப்பினரிடம் மட்டுமே சம்மனைக் கொடுக்கலாம் என்றிருந்தது. வீட்டில் தாயும் மனைவியும் இருந்தும், சட்டத்தின் கண்ணுக்கு அது ஆளில்லாத வீடு. உரிமையியல் சட்டம் அதைத் திருத்திய பிறகும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு அந்தச் சொல்லை விடாமல் வைத்திருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில்தான் அது நீங்கியது. சம்மனைப் பெறும் தகுதி பெண்ணுக்கு வந்துவிட்டது. அவள் பெயருக்கு வந்த சம்மன் அவளிடம் போய்ச் சேருகிறதா என்பது இன்னொரு கேள்வி, நம் ஊரில் இதுவே பெரிய கேள்வி. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தமும், 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தமும் மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி ஆக்கின. அதனால் பாகப் பிரிவினை வழக்கில் கட்டிக்கொடுத்த பெண்ணும் பிரதிவாதி ஆகிறாள். வழக்குரையில் அவள் முகவரியாகப் பிறந்த வீட்டையே எழுதிவிட்டால், சம்மனை வாங்கிக்கொள்பவர் அண்ணனோ தம்பியோ ஆவார். அவர் அந்தச் சொத்தில் அவளுக்கு எதிர் நலன் உள்ளவர். ‘உடன் குடியிருக்கும்’ என்ற 15ஆம் விதியின் நிபந்தனை இந்த இடத்தில்தான் காப்பாக நிற்க வேண்டும். ‘உங்கள் தங்கச்சி இங்கேதான் இருக்காங்களா, கட்டிக்கொடுத்த ஊரிலா?’ என்று திண்ணையில் நின்று கேட்கிற ஒருவரால்தான் அந்த நிபந்தனைக்கு உயிர் வரும். தபால்காரர் கேட்கத் தேவையில்லை. கூரியர் பையன் கேட்கமாட்டான். செயலிக்குக் கேட்கத் தெரியாது.

பத்திரிகை விளம்பரத்தைச் சட்டம் எந்த அளவு நம்புகிறது என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 123ஆம் உறுப்பு 30 நாள் தருகிறது. முறையாகச் சம்மன் சார்பாகாதவருக்கு, தீர்ப்பாணையைப் பற்றி அறிந்த நாளிலிருந்து அந்தக் காலம் தொடங்கும். ஐந்தாம் கட்டளை 20ஆம் விதியின்படி விளம்பரம் போன்ற மாற்று வழியில் செய்த சார்பு, இந்த உறுப்பின் நோக்கத்துக்கு முறையான சார்பாகாது என்று விளக்கவுரை ஒன்றும் உண்டு. விளம்பரத்தைக் கண்ணால் பார்க்காத மனிதரைச் சட்டம் மறந்துவிடவில்லை.

மின்-நீதிமன்றத் திட்டத்தின்கீழ் வந்த ‘என்ஸ்டெப்’ செயலி, கட்டளை நிறைவேற்றுநர் நின்ற இடத்தைச் செயற்கைக்கோள் வழிக் குறித்து, படமும் கையெழுத்தும் பதிவு செய்கிறது. போகாமலே போனதாக எழுதும் வழக்கத்தை இது ஒடுக்கும். அந்த அளவில் வரவேற்கிறேன். அவர் எங்கே நின்றார் என்பதைத்தான் அது காட்டும். யாரைக் கேட்டார், என்ன பதில் வந்தது என்பதை அவர்தான் எழுத வேண்டும். ஆகவே அறிக்கைப் படிவத்தில் முதல் வருகையின் நேரம், வேறொரு பொழுதில் செய்த இரண்டாம் வருகையின் நேரம், வாங்கியவருக்கும் பிரதிவாதிக்கும் உள்ள உறவு, அடையாளம் காட்டியவர் வாதியின் ஆளா அல்லவா என்பவற்றுக்குத் தனித்தனி இடம் வேண்டும். பேட்டாவை இரண்டு வருகைக்குச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கதவில் ஒட்டியதாகத் திரும்பும் சம்மன்களில் சிலவற்றையேனும் முன்சீப் மாதந்தோறும் தாமே தேர்ந்து, பிரமாணப் பத்திரம் இருந்தாலும் 19ஆம் விதிப்படி எழுதியவரை அழைத்து விசாரிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. விசாரிக்கும் அதிகாரம் 1908 முதல் அந்த விதியிலேயே இருக்கிறது.