செம்படிகம் பிறந்த கதை

1921-ல் பாஸ்டன் மருத்துவர் ஜார்ஜ் மினாட்டுக்கு நீரிழிவு நோய் வந்தது. அன்றைக்கு அது மரண ஓலை. ஆனால் அதே ஆண்டு கனடாவில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள்; அது சரியான நேரத்தில் கைக்கு எட்டியதால் மினாட் பிழைத்தார். பிழைத்தவர், மருந்தே இல்லாத ஒரு கொடிய ரத்தசோகையை விடாமல் துரத்தினார். 1926-ல் அவரும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளின் கதையை வெளியிட்டார்கள். தினமும் ஈரல் சாப்பிட்டதில், சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்திருந்தார்கள். ஈரலுக்குள் அப்படி என்னதான் இருந்தது?

விடை கிடைக்க இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. ஈரலிலிருந்து பிரித்த ஒவ்வொரு சாற்றையும் நோயாளிக்குக் கொடுத்துத்தான் பலன் பார்க்க முடிந்தது. வேலை நத்தை வேகத்தில் ஊர்ந்தது. வழி திறந்தவர் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் மேரி ஷார்ப். பால் பொருள்களில் வாழும் ஒரு பாக்டீரியா, ஈரல் சாறு இருந்தால்தான் வளர்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார். நோயாளியின் இடத்தில் அந்தப் பாக்டீரியாவை வைத்தார். 1948-ல் மெர்க் நிறுவனத்தின் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினர் சிவப்புப் படிகங்களைப் பிரித்தெடுத்தார்கள். அதையடுத்து இங்கிலாந்தில் கிளாக்சோவின் லெஸ்டர் ஸ்மித்தும் அதே படிகத்தை எட்டினார். அடுத்துத்தான் அதிர்ச்சி: ஈரல் அதைத் தயாரிக்கவே இல்லை.

மாடும் தயாரிக்கவில்லை, மாடு தின்ற புல்லும் தயாரிக்கவில்லை. மாட்டின் இரைப்பையில் குடியிருந்த நுண்ணுயிர்கள்தான் தயாரித்தன. ஸ்ட்ரெப்டோமைசின் தந்த மண் பாக்டீரியாவின் வளர்ப்புக் கரைசலிலும் அதே படிகம் கிடைத்தது. டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர் கொண்டு, நடுவில் கோபால்ட் அணு அமர்ந்திருக்கும் அதன் உருவத்தை 1956-க்குள் வரைந்து முடித்தார். மருத்துவத்தில் கதை முடிந்தது. அதன் மறுபாதி கடலில் இருந்தது.

1981-ல் தமிழகக் கரையில் மட்டி சாப்பிட்டவர்கள் கூட்டமாக மயங்கினார்கள். 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். மட்டி தண்ணீரை வடிகட்டி உண்ணும்போது, நச்சு நுண்பாசிகளின் விஷம் அதன் சதையில் சேர்ந்துவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. இத்தகைய பாசிகள் திடீரென்று பெருகக் கழிவுநீரும் உரச்சத்தும் காரணம் என்றார்கள். உண்மைதான், ஆனால் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது.

2005-ல் கேம்பிரிட்ஜின் மார்ட்டின் கிராஃப்ட், அலிசன் ஸ்மித் குழுவினர் 326 பாசி இனங்களின் தேவைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 171 இனங்களுக்கு அந்தச் செம்படிகம் இல்லாமல் வாழ்வில்லை! கடல் நீரிலோ அது மிகமிகச் சொற்பம். சோதனைக் குடுவையில் ஒரு சிவப்புப் பாசியோடு ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியாவை விட்டபோது பாசி செழித்தது. பாக்டீரியா படிகப் பொருளைக் கொடுத்தது. வெயிலில் பாசி சமைத்த கரிமச் சத்தை வாங்கிக்கொண்டது. இது நல்ல பாசிகளோடு நிற்கும் பண்டமாற்றா?

இல்லை. 2010-ல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் ஆய்வாளர்கள் தீங்கு செய்யும் பாசிகளில் 27 இனங்களைச் சோதித்தார்கள். 26 இனங்களுக்கு அது தேவைப்பட்டது. தமிழகத்தின் வடகோடியில் உள்ள பழவேற்காடு ஏரிக்கும் அதையொட்டிய ஆரம்பாக்கம் கரைக்கும் இந்தக் கணக்கு முக்கியம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல் நீர் உள்ளே வருவது குறையும், தண்ணீர் தேங்கும். அந்த நேரத்தில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மட்டும் அளந்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். எந்தப் பாக்டீரியா பாசிக்கு ஊட்டுகிறது என்றும் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் மட்டி சாப்பிடுபவர்களுக்கு அதன் விஷம் மணத்திலும் தெரியாது, சுவையிலும் தெரியாது.

அந்தச் செம்படிகம்தான் வைட்டமின் பி12. கை கால் மரத்துப் போகிறது என்று போகிறவருக்கு மருத்துவர் எழுதித் தரும் அதே சிவப்பு ஊசி. அதை 1972-ல் உட்வர்டும் எஷன்மோசரும் சுமார் நூறு வேதியியலாளர்களின் உழைப்பில் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். ஆலைக்கு அந்த நீண்ட வழி கட்டுப்படியாகவில்லை. இன்றும் பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள்.