போர்ட் டிரஸ்ட் குமாஸ்தாவின் மீதி நேரம்

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவனுக்கு முதலில் தட்டுப்படுவது திறமைப் பஞ்சம் இல்லை, நேரப் பஞ்சம். இன்டர்வியூ காலை 11 மணிக்குத்தான் வைப்பார்கள். அந்த நேரத்தில் நாம் இன்னொருவரின் சம்பளத்தில் உட்கார்ந்திருப்போம். இந்தச் சிக்கல் லிங்க்டுஇன்னோடு பிறந்தது என்று நினைத்தால் தப்பு. தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான வேலை தேடல் ஒரு துறைமுக அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் நடந்தது. தேடியவர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் கதை நமக்கு இரண்டு காட்சிகளாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. கனவில் நாமகிரித் தாயார், விழித்தால் கேம்பிரிட்ஜ். நடுவில் இருக்கிற பதினான்கு மாத ஆபீஸ் வாழ்க்கையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது. பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேறவில்லை. கையில் டிகிரி கிடையாது, ஆனால் கல்யாணம் ஆகிவிட்டது. மெட்ராஸில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்கள் தற்காலிக வேலை. பிறகு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசோடு போர்ட் டிரஸ்டுக்கு விண்ணப்பம். 1912 மார்ச் 1 அன்று குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

இங்கே ஒரு அதிர்ஷ்டம். அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயர் முன்பு திருச்சியில் கணிதம் கற்பித்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தின் பொருளாளர். பகலில் மேலதிகாரியாக இருந்தவர், ராத்திரியில் திருவல்லிக்கேணி வீட்டில் சிலேட்டை வைத்துக்கொண்டு ராமானுஜனோடு உட்கார்ந்தார். ராமானுஜன் பத்துப் படி தாண்டிக் குதிப்பார், மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி விரித்து எழுது என்று இவர் இழுத்துப் பிடிப்பார். சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர். அவரையும் இந்தக் குமாஸ்தாவின் கணக்கில் அக்கறை கொள்ள வைத்தது நாராயண ஐயர்தான். காகிதத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் சிலேட்டு. ஆபீஸ் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் அங்கேயும் கணிதம் ஓடும். அதைக் கண்டும் காணாமல் விட ஆள் இருந்தது.

அதே சமயத்தில் கடிதங்களும் போய்க்கொண்டிருந்தன. லண்டன் பேராசிரியர் ஹில், மெட்ராஸ் பொறியியல் கல்லூரி கிரிஃபித் வழியாக, கொஞ்சம் ஊக்கமும் நிறைய எச்சரிக்கையும் அனுப்பினார். கேம்பிரிட்ஜின் பேக்கர், ஹாப்சன் இருவரிடமிருந்தும் உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு ஒரு கடிதம் போனது.

அந்தக் கடிதத்தைக் கவர் லெட்டராக ஒரு தடவை படித்துப் பாருங்கள். கணிதம் பிறகுதான் வருகிறது. போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருடச் சம்பளம் வெறும் 20 பவுண்டு என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை. பள்ளிக்குப் பிறகு, கிடைத்த ஓய்வு நேரத்தைக் கணிதத்தில் செலவிட்டதாகச் சொல்கிறார். வயது சுமார் 23 என்கிறார், உண்மையில் 25. ரெஸ்யூமேயில் லேசாகத் தட்டிக்கொட்டுவது நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு இல்லை!

ஹார்டியின் பதில் பிப்ரவரி 8 தேதியிட்டது. பாராட்டு இருந்தது, நிரூபணங்களையும் கேட்டது. பிப்ரவரி 27 அன்று ராமானுஜன் எழுதிய மறுகடிதத்தில் விஷயம் உடைந்து வெளியே வருகிறது: நான் அரைப்பட்டினிக்காரன், மூளை வேலை செய்ய முதலில் சோறு வேண்டும், நீங்கள் ஆதரவாக நாலு வரி எழுதினால் இங்கே பல்கலைக்கழகமோ அரசாங்கமோ உதவித்தொகை தரும் என்கிற அர்த்தத்தில். அதாவது அவர் கேட்டது ரெஃபரன்ஸ்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 25 அன்று, வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் போர்ட் டிரஸ்டுக்கு வந்திருந்தார். ஸ்பிரிங் அவரிடம் நோட்டுப் புத்தகங்களைக் காட்ட வைத்தார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். டிகிரி இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா என்ற கேள்வியெல்லாம் தாண்டி மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு அனுமதியானது. பழைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1913 மே 1 அன்று போர்ட் டிரஸ்ட் அவரை விடுவித்தது. 1914 மார்ச் 17 அன்று கப்பல்.

சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு குமாஸ்தா. பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வாரம் 48 மணி நேரம் வேலை பார்த்த ஐன்ஸ்டைன், 1908இல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக வகுப்பெடுக்கத் தொடங்கினார். ஆபீஸுக்கு முன்னால், காலை 7 மணிக்கு. கேட்க வந்தது மூன்று நண்பர்கள். அடுத்த வருடம் சூரிக்கில் பதவி கிடைக்கும்வரை வேலையை விடவில்லை.

மெட்ராஸ் துறைமுகத்துக்கு வடக்கே, எண்ணூரையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும். மென்பொருள் வேலையாகச் சில மாதம் அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன். மீஞ்சூர் வரை கம்பெனி பஸ், கேட்டில் பன்ச், ஷிஃப்ட் முடிந்தால் திரும்ப அதே பஸ். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் போனில் ரெஸ்யூமே அனுப்புவார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூங்காமல், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வீடியோ இன்டர்வியூவில் உட்காருகிறவர்கள் அங்கே சாதாரணம். ஐ.டி.யில் எங்களுக்கு வேறு தினுசுப் பூட்டு: 90 நாள் நோட்டீஸ்.

2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தை ஒரு நாளுக்கு 12 மணி வரை நீட்ட இடம் கொடுக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பில் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. உடல் உழைப்பு, குடும்பம் என்று அப்போது நிறையப் பேசினோம். அந்தச் சண்டையில் இன்னொன்றும் இருந்தது. 12 மணி வேலை, இரண்டு மணிப் பயணம், தூக்கம் எல்லாம் போக, இந்த வேலையை விட்டுப் போவதற்கான நேரம் எங்கே இருக்கும்? மீதி நேரம் இல்லாதவனுக்கு ராஜினாமா உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

ராமானுஜனை வைத்து, கஷ்டப்பட்டால் யாரும் ஜெயிக்கலாம் என்று மேடையில் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது. அவர் மேதை, அதில் பேச்சே இல்லை. மேதைக்கும் மாலையில் கொஞ்சம் நேரம் மிஞ்சியிருக்க வேண்டியிருந்தது. நல்ல குமாஸ்தாவை இழந்தாலும் பரவாயில்லை என்று தன் செல்வாக்கைச் செலவு செய்யும் மேலதிகாரி வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் நாராயண ஐயராக அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு ஊரே வேலை தேட முடியாது. அதற்குத்தான் எட்டு மணி நேரம் என்று ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது.