மனச்சிதைவு: மூளைக்குள் ஒரு தேடலின் வரலாறு

ஸ்கிசோஃப்ரீனியா என்னும் நோயைத் தமிழில் நாம் மனச்சிதைவு என்கிறோம். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908இல் பெர்லினில் ஆற்றிய உரையில் அந்தப் பெயரை முன்வைத்தார். பிளவு, மனம் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். அதற்கு முன்பு ஜெர்மானியரான எமில் கிரேப்பலின் இந்நோயை இளமையிலேயே வரும் அறிவழிவு என்ற பொருளில் அழைத்துவந்தார். நோயாளிகள் எல்லோருக்கும் அது இளமையில் வருவதில்லை, எல்லோருக்கும் அறிவு அழிவதுமில்லை என்று கண்டதாலேயே பிளாய்லர் பெயரை மாற்றினார். நம் தமிழ்ச்சொல்லோ பிளவு என்னாமல் சிதைவு என்கிறது. பிளாய்லரை மொழிபெயர்க்க வந்த சொல்லில் கிரேப்பலினின் நிழலும் விழுந்துவிட்டது. சிதைவது மனமா, மூளையா என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்களை அலைக்கழித்திருக்கிறது. கூடவே, பழியை யார் சுமப்பது என்ற கேள்வியும் தொடர்ந்து வந்திருக்கிறது.

கிரேப்பலினுக்கு இதில் ஐயமே இருக்கவில்லை. நோய் மூளையில் இருக்கிறது என்றே அவர் நம்பினார். 1903இல் அவர் மியூனிக் சென்றபோது உடன் பணியாற்றியவர் அலோய்ஸ் அல்சைமர். மறதிநோயால் இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1906இல் அதன் தடயங்களை அல்சைமர் உலகுக்குக் காட்டினார். அதே நுண்ணோக்கி மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் அனைவரும் ஒப்புக்கொள்ளும் எதையும் காட்டவில்லை. ஒருவர் கண்டதாகச் சொன்ன மாற்றத்தை அடுத்தவரால் உறுதிசெய்ய முடியவில்லை. 1972இல் அமெரிக்க நரம்பியலாளர் ஃப்ரெட் பிளம் இந்நோயை நரம்பு நோய்க்கூற்றியலாளர்களின் இடுகாடு என்று வருணித்தார். அத்துறையில் அது பழமொழிபோல் நிலைத்துவிட்டது.

உயிருள்ள மனிதரின் மூளையைப் பார்க்கும் முயற்சியும் இடையில் நடந்தது. மூளையின் நடுவே நீர் நிரம்பிய உட்குழிகள் உண்டு. முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி, அந்த நீரை வடித்துக் காற்றை ஏற்றி, எக்ஸ்ரே எடுக்கும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டாண்டி 1919இல் அறிமுகப்படுத்தினார். 1927இல் ஜெர்மனியில் யாகோபி, விங்க்ளர் என்ற இருவர் மனச்சிதைவு நோயாளிகளுக்கு இதைச் செய்து, உட்குழிகள் பெருத்திருப்பதாக அறிவித்தனர். ஆனால் கடும் தலைவலியும் வாந்தியும் தரும் அச்சோதனையை நலமாக இருப்பவர்மீது செய்து ஒப்பிட முடியாது. ஒப்பீடு இல்லாத கண்டுபிடிப்பு ஐயத்துக்கு உரியதாகவே நின்றது.

சான்று இப்படி இழுபறியில் இருந்தபோதே தீர்ப்பு எழுதப்பட்டது. 1933இல் நாஜி அரசு இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம், பரம்பரை நோய்களின் பட்டியலில் மனச்சிதைவையும் சேர்த்தது. அச்சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவரான எர்ன்ஸ்ட் ரூடின், கிரேப்பலின் மியூனிக்கில் நிறுவிய ஆய்வுநிலையத்தின் தலைவர். 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்கள் சிலரின் மூளைகள் ஆய்வுநிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. அந்த ஆய்வு எச்சங்கள் மியூனிக் கல்லறையொன்றில் புதைக்கப்பட்டது 1990இல்தான்.

இதற்கு நேர் எதிரான திசையில் அடுத்த பழி எழுந்தது. ஃபிரீடா ஃப்ரோம்-ரைஷ்மான், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த யூத மருத்துவர். மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகளோடு பொறுமையாகப் பேசி அவர்களை மீட்க முயன்றவர். அவரே 1948இல், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தையும் எழுதினார். 1956இல் கிரிகரி பேட்சன் குழுவினர், முரணான கட்டளைகளில் பிள்ளையைச் சிக்கவைக்கும் குடும்பப் பேச்சே நோயின் வேர் என்றனர். பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த தாய், அந்நோயைத் தந்தவளும் தானே என்று கேட்க நேர்ந்தது. 1966இல் லியோனார்ட் ஹெஸ்டனின் ஆய்வு இதை அசைத்தது. மனச்சிதைவு கொண்ட தாய்மாரிடமிருந்து பிறந்தவுடன் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. ஒப்பிடப்பட்ட 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

வலியில்லாமல் மூளையைக் காணும் வழி 1971இல் பிறந்தது. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சிடி ஸ்கேன் அவ்வாண்டு லண்டனில் முதல் நோயாளியைப் படம்பிடித்தது. 1976இல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையின் ஈவ் ஜான்ஸ்டன், டிமோத்தி குரோ குழுவினர், நெடுங்காலம் மருத்துவமனையில் வாழ்ந்த 17 நோயாளிகளை நலமாக இருந்தவர்களோடு ஒப்பிட்டனர். நோயாளிகளின் உட்குழிகள் பெரிதாக இருந்தன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கண்டுபிடிப்பு இம்முறை ஒப்பீட்டோடு திரும்பிவந்தது. எனினும் அது நோயின் தடமா, பல்லாண்டு சிகிச்சையின் தடமா, பரம்பரையின் தடமா என்ற கேள்விகள் நின்றன.

பரம்பரை குறித்த கேள்விக்கு 1990இல் ஓரளவு விடை கிடைத்தது. ஒருவர் நோயுற்று மற்றவர் நலமாக இருந்த 15 ஒத்த இரட்டையர் இணைகளை அமெரிக்காவில் டேனியல் வெயின்பெர்கர் உள்ளிட்ட குழு எம்ஆர்ஐ மூலம் ஆராய்ந்தது. 14 இணைகளில், நோயுற்றவரின் இடப்பக்க ஹிப்போகாம்பஸ் மற்றவருடையதைவிடச் சிறிதாக இருந்தது. நினைவுக்கு ஆதாரமான பகுதி அது. இருவரின் மரபணு ஒன்றுதான். மூளை ஒன்றாக இல்லை. ஆகவே மரபணு மட்டுமே விதியன்று என்பதும் இதனால் தெளிவாயிற்று.

2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று 2,028 நோயாளிகளையும் 2,540 பிறரையும் ஒப்பிட்டு, ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, தாலமஸ் ஆகியவை நோயாளிகளிடம் சராசரியில் சிறிதாகவும், உட்குழிகள் பெரிதாகவும் இருப்பதை உறுதிசெய்தது. சராசரியில் என்ற சொல்லை நாம் அழுத்தி வாசிக்க வேண்டும். நலமுள்ளோர் பலருக்கு உட்குழிகள் பெரியவை. நோயாளிகள் பலருக்கு ஹிப்போகாம்பஸ் குறைவின்றி இருக்கிறது. மருந்துக்கும் இதில் பங்கிருக்கலாம். 2005இல் வெளியான ஆய்வில், மனநோய் மருந்துகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தரப்பட்ட குரங்குகளின் மூளை எடை 8 முதல் 11 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்தையே தொடாத நோயாளிகளிடமும் மாற்றங்கள் காணப்படுவதால், எல்லாவற்றையும் மருந்தின் தலையில் போடவும் இயலாது. இதைப் படித்துவிட்டு ஒருவர் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

இன்றும் ஒரு ஸ்கேன் படத்தைக் கொண்டு இவருக்கு மனச்சிதைவு என்று எந்த மருத்துவரும் அறுதியிடுவதில்லை. கட்டியோ வேறு நோயோ இல்லை என்று உறுதிசெய்யவே அது எடுக்கப்படுகிறது. நோயை அறிவது நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசித்தான்.

வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குற்றம் சாட்டுவோர் நம்மிடையேயும் உண்டு. மூளை கெட்டவன் என்று பிள்ளையை ஒதுக்குவோரும் உண்டு. இருசாராரும் அந்த 1990ஆம் ஆண்டு ஆய்வின் இன்னொரு குறிப்பை அறிய வேண்டும். நோயுற்றவர் யார் என்று படங்களைப் பார்த்தே கண்டுபிடிக்க முயன்றபோது, 15 இணைகளில் 12இல் விடை சரியாக இருந்தது. இரண்டில் வேறுபாடு தெரியவில்லை. மீதமிருந்த ஒன்றில், நலமாக இருந்த உடன்பிறப்பின் படத்தையே நோயாளியின் படம் என்று எடுத்துவிட்டார்கள்.