எட்டுத் துண்டுப் பாம்பு



அரசியல் கேலிச்சித்திரம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, நத்தைமேல் அமர்ந்திருக்கும் அண்ணல் அம்பேத்கரும் பின்னால் சவுக்கோடு நிற்கும் நேருவும்தான். 1949இல் சங்கர் வரைந்த அந்தப் படம் 2012இல் பதினோராம் வகுப்புப் பாடநூலின் வழியாக நாடாளுமன்றம்வரை போனது. வேடிக்கைக்காக வரைந்தது என்றார்கள். யாருடைய வேடிக்கைக்காக என்று நாம் கேட்டோம். அதே கேள்வியோடு இன்னொரு பழைய படத்துக்குப் போகிறேன்.

1754 மே 9. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் நடத்திய ‘பென்சில்வேனியா கெசட்’ இதழில், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சிறிய படம் ஒன்று வந்தது. எட்டுத் துண்டாக வெட்டுண்டு கிடக்கும் பாம்பு. ஒவ்வொரு துண்டின் அருகிலும் ஒரு குடியேற்றத்தின் பெயரெழுத்து. கீழே, ‘சேருங்கள், அல்லது சாகுங்கள்’ என்ற கட்டளை. வெட்டிய பாம்பை அந்தி சாய்வதற்குள் ஒட்டவைத்தால் உயிர் வரும் என்று அங்கே அப்போது ஒரு நம்பிக்கை இருந்ததாம். அடித்த பாம்பின் தலையை நசுக்காமல் வீடு திரும்பாத நமக்கு இது வியப்பில்லை.

ஓஹையோ ஆற்றுமுனையில் ஆங்கிலேயர் கட்டிக்கொண்டிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்ட செய்தியோடு வந்த படம் அது. ஆளுக்கொரு சட்டமன்றம் வைத்துக்கொண்டு பணத்துக்கும் எல்லைக்கும் சண்டை போடுகிறவர்கள் ஒன்றுசேராவிட்டால் பிரெஞ்சுக்காரன் விழுங்கிவிடுவான் என்பது பிராங்க்ளினின் வாதம். நியாயமான அச்சம்தான். ஆனால் அந்தப் பாம்பின் உடம்பு எதனால் ஆனது?

வாலிலிருந்து பார்ப்போம். கடைசித் துண்டு தென் கரோலினா. அங்கே அன்று மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்துவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும். யார் சேர வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. பாம்பை அச்சிட்ட அதே இதழ் அடிமை விற்பனை விளம்பரங்களையும், தப்பி ஓடியவர்களைப் பிடித்துக்கொடுக்கக் கேட்கும் விளம்பரங்களையும் காசுக்கு அச்சிட்டது. பிராங்க்ளின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள்.

அடுத்த மாதம் ஆல்பனி நகரில் மாநாடு கூடியது. ஏழு குடியேற்றங்கள் ஆளனுப்பின. படத்தை வைத்துச் சொன்னால், நான்கு குடியேற்றங்கள் சேர்ந்த தலைத்துண்டான நியூ இங்கிலாந்தும், நியூயார்க், பென்சில்வேனியா, மேரிலாந்தும் வந்தன. மற்ற நான்கு துண்டுகள் வரவில்லை. பாதிப் பாம்பு.

படத்தில் இல்லாதவர்கள் ஆனால் வந்திருந்தார்கள். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்ற ஆறு தேசங்களின் கூட்டமைப்பு, ஐரோப்பியர் பலமாய்க் காலூன்றுமுன்பே ஒற்றுமையைப் பழகியது. அதன் தலைவர்களில் ஒருவரான கனசடேகோ 1744இல் லங்காஸ்டரில், எங்களைப்போல நீங்களும் சேர்ந்திருங்கள் என்று ஆங்கிலேயருக்கு அறிவுரை சொன்னார். அந்த உடன்படிக்கையை நூலாக அச்சிட்டவர் இதே பிராங்க்ளின். ஆனால் 1751இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அறியாத காட்டுமிராண்டிகளுக்கே முடிந்தது நமக்கு முடியாதா என்கிற தொனியில் எழுதுகிறார். ஆல்பனித் திட்டத்துக்கு ஆறு தேசங்களின் தாக்கம் எவ்வளவு என்று வரலாற்றாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கடிதமே போதும். பாடம் கற்றவரே கற்பித்தவரை இழிவாகப் பேசுகிறார். நமக்குப் பழகிய குரல்.

மோஹாக் தலைவர் ஹென்றிக் மாநாட்டிலேயே எழுந்து, வர்ஜீனியா ஆளுநரும் கனடா ஆளுநரும் எங்களுக்குச் சொந்தமான நிலத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்றார். பதில் என்ன கிடைத்தது? மாநாடு நடந்த அதே நாட்களில் பென்சில்வேனியாவின் ஆட்கள் சஸ்குவஹானா ஆற்றுக்கு மேற்கே பெரும் நிலப்பரப்பை 400 பவுண்டுக்கு எழுதி வாங்கினார்கள். கனெக்டிகட் ஆட்களுக்காக ஒருவர், பேரவைக்குத் தெரியாமல் தனித்தனியாகத் தலைவர்களைப் பிடித்து வயோமிங் பள்ளத்தாக்குக்குக் கையெழுத்து வாங்கினார். அங்கே குடியிருந்த லெனாப்பே மக்களை இரண்டு தரப்பும் கேட்கவில்லை. சேருங்கள் என்ற அழைப்பின் நடுவே, சேர வந்தவர்களே ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு நிலம் பிடித்தார்கள்.

ஆல்பனித் திட்டத்தின்படி மன்னர் நியமிக்கும் ஒரு தலைமை ஆளுநர், 48 பேர் கொண்ட பெருமன்றம். போர், வரி ஆகியவற்றோடு பழங்குடிகளிடம் நிலம் வாங்கும் உரிமையும் அதற்குத்தான். செலுத்தும் பணத்தின் அளவுக்கு இடங்கள். அதிகாரம் கைவிட்டுப் போகுமென்று குடியேற்றச் சட்டமன்றங்கள் திட்டத்தை ஏற்கவில்லை. லண்டனும் கைகொடுக்கவில்லை.

பாம்பு மட்டும் பிழைத்தது. 1765இல் முத்திரைத்தாள் வரிக்கு எதிராகவும், 1774இல் பிரிட்டனைக் குறிக்கும் டிராகனை எதிர்த்தும் மறுபடி அச்சேறியது. மன்னருக்காகப் பிறந்த படம் மன்னருக்கு எதிரானது.

பிராங்க்ளின் மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும். அடிமை முறையை ஒழிக்கக் கேட்கும் மனுவில் சங்கத் தலைவராகக் கையெழுத்திட்டு, 1790 பிப்ரவரியில் ஒன்றிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அதில் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்றது நாடாளுமன்றம். ஏப்ரலில் அவர் இறந்தார். ஹென்றிக் அதற்கு வெகுமுன்பே, 1755 செப்டம்பரில், ஜார்ஜ் ஏரிப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று கொல்லப்பட்டிருந்தார்.